சாவி யார் கையில இருக்கணும்? சாப்ட்வேர் டீலர்களை வச்சு ஒரு பாடம்

கீரிப்பாறைன்னு சொன்னா நம்ம காலேஜ்ல பாதிப் பேருக்கு காளிகேசம் ஞாபகம் வரும், அங்க குளிக்கப் போனப்ப எடுத்த போட்டோ ஞாபகம் வரும். அந்த ஊர்க்காரனான எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது ரப்பர். 1984-ல தொடங்கின அரசு ரப்பர் கழகத்தோட தோட்டம் ஒரு பக்கம், சின்னச் சின்ன தனியார் தோட்டங்கள் இன்னொரு பக்கம். காய்ஞ்ச ஷீட் வண்டியில ஏறி தடிக்காரன்கோணம், திட்டுவிளை, பூதப்பாண்டி வழியா நாகர்கோவில் வரும். அங்கேருந்து மேற்கே போய் களியக்காவிளை தாண்டினா கேரளா.

இந்தக் கட்டுரை ரப்பரைப் பத்தினது இல்ல. அந்த வண்டி டிரைவர்கிட்ட இருக்கற ஒரு 12 இலக்க எண்ணைப் பத்தினது. அதுதான் இ-வே பில் எண். மாநிலம் தாண்டிப் போற சரக்கோட மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினா இ-வே பில் வேணும். கிலோ 180 ரூபாய்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம், 280 கிலோ ஷீட்டே 50,400 ரூபாய் ஆயிடும். ஒரு மினி லாரி கூட நிறையாது. தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடற சரக்குக்கு வரம்பு 1 லட்சம் ரூபாய். ஆனா எல்லையை ஒட்டி இருக்கற எங்க மாவட்டத்து வியாபாரிக்கு அந்த 50,000 தான் அடிக்கடி குறுக்க வரும்.

அந்த எண்ணை யார் எடுக்கறாங்க? சட்டப்படி சரக்கை அனுப்பறவர், வாங்கறவர், இல்லேன்னா டிரான்ஸ்போர்ட்காரர். நடைமுறையில, கடை கம்ப்யூட்டர்ல இருக்கற பில்லிங் சாப்ட்வேர்ல ஒரு பட்டன். அந்த சாப்ட்வேரை வித்து, இன்ஸ்டால் பண்ணி, வருஷா வருஷம் ஏஎம்சி வாங்கிட்டு, மாட்டிக்கிட்டா ஓடி வர்ற ஒருத்தர் இருக்கார். கம்பெனிக்காரங்க அவரை ரீசெல்லர், பார்ட்னர்னு எழுதுவாங்க. ஊர்ல டீலர். எங்க பக்கம் எந்த பில்லிங் சாப்ட்வேரா இருந்தாலும் அதுக்குப் பேரு டேலி, அவருக்குப் பேரு டேலிக்காரர்!

இவரைப் பத்தி நம்ம சிலபஸ்ல ஒரு வரி கிடையாது. நெட்வொர்க் செக்யூரிட்டி பேப்பர்ல ஆலிஸ் இருப்பாங்க, பாப் இருப்பாங்க, நடுவுல ஒட்டுக் கேக்கற ஆள் இருப்பாங்க. ஆலிஸோட பாஸ்வேர்டை டைரியில எழுதி வச்சிருக்கற நல்ல மனுஷன் ஒருத்தர் பாடத்துல வரவே மாட்டார். ஆனா ஏபிஐ மாறும்போதும் பாதுகாப்பு விதி மாறும்போதும் எல்லாம் அவர் தலையிலதான் விழுது. நம்மள்ல நிறைய பேர் பாஸ் அவுட் ஆகி சப்போர்ட், இம்ப்ளிமென்டேஷன் வேலைக்குத்தான் போகப் போறோம். அதாவது அவர் நாற்காலிக்கோ, அதுக்குப் பக்கத்து நாற்காலிக்கோ. அதனால நடந்து முடிஞ்ச ஒரு மாற்றத்தை எடுத்துக்கிட்டு, அடுத்தது வரும்போது டீலர் எப்படித் தயாராகணும்னு பாப்போம்.

நடந்தது இதுதான். இ-வே பில், இ-இன்வாய்ஸ் ரெண்டு போர்டலையும் நடத்தறது என்ஐசி, அதாவது தேசியத் தகவலியல் மையம். முன்னாடி யூசர் நேம், பாஸ்வேர்ட் போட்டா உள்ள போயிடலாம். பிறகு இரட்டை அடையாளச் சரிபார்ப்பு வந்தது. பாஸ்வேர்டுக்கு அப்புறம் ஒரு ஓடிபியும் போடணும். ஒரே நாள்ல எல்லார் மேலயும் இறக்கல, படிப்படியா இறக்கினாங்க. வருஷ விற்றுமுதல் 100 கோடிக்கு மேல இருக்கறவங்களுக்கு 2023 ஆகஸ்ட் 20-லேருந்து கட்டாயம். 20 கோடிக்கு மேல இருக்கறவங்களுக்கு 2023 செப்டம்பர்ல விருப்பம் இருந்தா, 2025 ஜனவரி 1-லேருந்து கட்டாயம். 5 கோடிக்கு மேல 2025 பிப்ரவரி 1. மிச்சம் எல்லாருக்கும் 2025 ஏப்ரல் 1.

இந்தத் தேதிகளை ஒரு டீலர் கண்ணோட பாருங்க. நாகர்கோவில்ல இருக்கற ஒரு சாதாரண டீலரோட வாடிக்கையாளர்கள்ல 100 கோடிக்காரங்க எத்தனை பேர் இருப்பாங்க? ஒண்ணு ரெண்டு இருந்தா பெரிசு. 20 கோடி, 5 கோடியும் கொஞ்சம்தான். ஹார்டுவேர் கடை, ரப்பர் வியாபாரி, முந்திரி, ஜவுளின்னு அவரோட பெரும் கூட்டம் முழுக்க கடைசித் தேதியிலதான் வருது. அதுவும் ஏப்ரல் 1, புது நிதியாண்டோட முதல் நாள். புது இன்வாய்ஸ் வரிசை எண் தொடங்கணும், பழைய கணக்கை முடிக்கணும், எல்லாரும் ஒரே நாள்ல போன் பண்ணுவாங்க. 2023-லேயே முதல் படி வந்தாச்சு, கடைசிப் படிக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேல இருந்தது. படிப்படியா வர்ற விதியில சின்ன டீலருக்குக் கிடைக்கற பெரிய லாபமே இந்த இடைவெளிதான். பெரிய கம்பெனிகள் எதுல மாட்டறாங்கன்னு பாத்து, நம்ம கடைகளுக்கு முன்கூட்டியே வழி பண்ணிடலாம். ஆனா '100 கோடிக்கு மேல'ன்னு தலைப்பைப் பாத்ததும் 'நமக்கில்லப்பா'ன்னு மெசேஜைத் தள்ளி விட்டுடறதுதான் மனுஷ சுபாவம்.

சரி, ஓடிபி போடறதுல என்ன கஷ்டம்? கஷ்டம் ஓடிபியில இல்ல. அது யார் போனுக்குப் போகுதுங்கறதுலதான்.

லீவுல நாகர்கோவில் பக்கம் ஒரு டீலர் ஆபீஸ்ல கொஞ்ச நாள் இன்டர்ன்ஷிப் பண்ணேன். அங்க மேசை மேல ஒரு பழைய டைரி. ஒவ்வொரு பக்கத்துலயும் ஒரு கடை பேரு, ஜிஎஸ்டி எண், யூசர் ஐடி, பாஸ்வேர்ட், பாங்க் விவரம் கொஞ்சம். பாதிப் பாஸ்வேர்ட் ஒரே மாதிரி. கடை பேரு, அட் குறி, 123. யாரும் திருட்டுத்தனமா எழுதி வச்சது இல்ல அது. கடைக்காரங்களே 'தம்பி, நீயே வச்சுக்கோ, எனக்கு மறந்து போகும்'னு குடுத்தது. அன்பும் நம்பிக்கையும் நிறைஞ்ச டைரி. ஆனா அது காணாமப் போனா ஒரு ஆள் வீடு இல்ல, ஒரு தெருவே திறந்து கிடக்கும்.

டைரி மட்டும் இல்ல. நிறைய கடைகளுக்கு ஜிஎஸ்டி பதிவுல இருக்கற மொபைல் நம்பரே ஓனர் நம்பர் இல்ல. பதிவு பண்ணும்போது உதவி பண்ணவரோட நம்பர், இல்ல ஆடிட்டர் ஆபீஸ் நம்பர், சில சமயம் வேலையை விட்டுப் போன கணக்குப்பிள்ளையோட நம்பர். பாஸ்வேர்ட் மட்டும் கேக்கற காலத்துல இது வெளியிலேயே தெரியாது. ஓடிபி கேக்க ஆரம்பிச்ச நாள்தான் 'இந்த நம்பர் யாருது?'ங்கற கேள்வி வரும்.

ஓனர் நம்பரே இருந்தாலும் பிரச்சனை தீராது. ஓனர் காலையில தோட்டத்துக்குப் போயிருப்பார். எங்க மலையடிவாரத்துல சிக்னல் ஒரு மரத்துக்கு அடியில இருக்கும், அடுத்த மரத்துக்கு அடியில இருக்காது. கடையில கணக்குப் பிள்ளை பட்டனை அமுக்கிட்டு உக்காந்திருப்பார். ஓடிபி மலைக்குப் போயிருக்கும். லாரி ரோட்டுல நிக்கும். டிரைவர் ஹாரன் அடிப்பார். இந்த நேரத்துல டீலருக்குப் போன் வரும், 'என்னப்பா ஒன் சாப்ட்வேர் வேலை செய்யல'ன்னு.

சாப்ட்வேர்ல ஒரு குறையும் இல்ல. இதுக்கான வழி விதியிலேயே இருந்தது. யாரும் படிக்கலைங்கறதுதான் விஷயம்.

முதல் வழி, துணைப் பயனர். இ-வே பில் போர்டல்ல ஓனர் லாகின் பண்ணி, ஒவ்வொரு ஊழியருக்கும் தனித்தனி துணை லாகின் உருவாக்கலாம். ஒவ்வொருத்தருக்கும் அவங்க மொபைல் நம்பர், அவங்களுக்கு மட்டும் ஓடிபி. என்னென்ன வேலை பண்ணலாம்னு அனுமதியும் தனித்தனியா குடுக்கலாம். கடையில பில் போடற அக்காவுக்கு பில் எடுக்கற அனுமதி போதும். ஓனர் மலையில இருந்தாலும் வண்டி கிளம்பும். யாராவது வேலையை விட்டுட்டா அவங்க லாகினை மட்டும் நிறுத்தினா போதும், மொத்தக் கடைக்கும் பாஸ்வேர்ட் மாத்த வேண்டாம்.

ரெண்டாவது வழி, ஓடிபி எஸ்எம்எஸ்ல மட்டும்தான் வரணும்னு இல்ல. மூணு வழி குடுத்திருக்காங்க: எஸ்எம்எஸ், அரசோட சந்தேஷ் ஆப், அப்புறம் என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டுன்னு ஒரு ஆப். மூணாவதுதான் எங்க ஊருக்குன்னே பண்ண மாதிரி இருக்கு. அதுக்கு நெட்டும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். போனுக்குள்ளேயே 30 நொடிக்கு ஒரு ஓடிபி உருவாகும்.

இங்க கொஞ்சம் நின்னு, அது எப்படி முடியும்னு பாத்துடலாம். இன்டர்வியூல கூட கேப்பாங்க. இந்த வகை ஆப்கள் பொதுவா வேலை செய்யற முறை 2011-ல ஆர்எஃப்சி 6238-ங்கற பேர்ல வெளியானது. ஆப்பை முதல் தடவை பதியும்போது சர்வரும் போனும் ஒரு ரகசியச் சாவியைப் பகிர்ந்துக்கும். அதுக்கப்புறம் ரெண்டும் பேசிக்கவே வேண்டாம். ரெண்டுகிட்டயும் இன்னொரு பொது விஷயம் இருக்கு, நேரம். 1970 ஜனவரி 1-லேருந்து ஓடின நொடிகளை எண்ணி 30-ஆல வகுக்கணும். உதாரணமா 2025 ஏப்ரல் 1, நம்ம நேரம் காலை 5:30-க்கு அந்த நொடிக் கணக்கு 174,34,65,600. 30-ஆல வகுத்தா 5,81,15,520. இந்த எண்ணையும் ரகசியச் சாவியையும் எச்மேக் ஃபங்ஷனுக்குள்ள போட்டா 20 பைட் வரும். அதுலேருந்து ஒரு துண்டை எடுத்து 6 இலக்கமா சுருக்கினா அதுதான் ஓடிபி. சர்வர் அதே கணக்கைத் தன் பக்கம் போட்டுப் பாத்து ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு பாக்கும், அவ்வளவுதான்.

இதுலேருந்து டீலருக்கு ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்குது. போன் கடிகாரம் 5 நிமிஷம் தப்பா இருந்தா எண்ணிக்கை 10 படி தள்ளிப் போயிடும். ஆப் காட்டற ஓடிபி செல்லாது. 'ஆப் சரியில்ல'ன்னு கடைக்காரர் சொன்னா முதல்ல போன்ல தானியங்கி நேரம் ஆன்ல இருக்கான்னு கேளுங்க. பாதிப் புகார் அங்கேயே முடிஞ்சிடும்.

இது வரைக்கும் போர்டல் லாகின். இனி ஏபிஐக்கு வருவோம். பில்லிங் சாப்ட்வேர்ல இருந்தே நேரா இ-இன்வாய்ஸ் எடுக்கறப்ப உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சாதான், எந்தச் சாவி யாருதுன்னு புரியும்.

இ-இன்வாய்ஸ் ஏபிஐக்கு ரெண்டு ஜோடிச் சாவி வேணும். ஒண்ணு கிளையன்ட் ஐடியும் கிளையன்ட் சீக்ரெட்டும். இது வழக்கமா சாப்ட்வேர் கம்பெனி இல்லேன்னா நடுவுல இருக்கற ஜிஎஸ்டி சுவிதா புரொவைடரோடது. இன்னொண்ணு ஏபிஐ யூசர் நேமும் பாஸ்வேர்டும். இது கடையோடது. போர்டல்ல ஏபிஐ பதிவுங்கற பகுதியில போய் கடைக்காரர் உருவாக்கறது. போர்டல் லாகின் வேற, இது வேற. இந்த வித்தியாசம் தெரியாம ஒரே பாஸ்வேர்டை ரெண்டுக்கும் வச்சிருக்கற கடைகள் நிறைய.

சாப்ட்வேர் முதல்ல தானே 32 பைட் நீளத்துல ஒரு சாவியை உருவாக்கும், ஆப் கீ. அதையும் யூசர் நேம், பாஸ்வேர்டையும் சேத்து, என்ஐசி வெளியிட்ட பொதுச் சாவியால ஆர்எஸ்ஏ முறையில பூட்டி அனுப்பும். சர்வர் சரி பாத்துட்டு ஒரு டோக்கனும், ஒரு அமர்வுச் சாவியும் திருப்பி அனுப்பும். அந்த அமர்வுச் சாவி, நாம அனுப்பின ஆப் கீயால ஏஇஎஸ்-256 முறையில பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறந்து, அதுக்கப்புறம் போற ஒவ்வொரு இன்வாய்ஸையும் அந்த அமர்வுச் சாவியால பூட்டி அனுப்பணும். டோக்கன் 6 மணி நேரம் செல்லும். காலையில 9 மணிக்கு எடுத்தா மதியம் 3 மணிக்கு முடிஞ்சிடும். நல்ல சாப்ட்வேர் சத்தமில்லாம புதுசு வாங்கிக்கும். மோசமான சாப்ட்வேர்ல தினமும் மூணு மணிக்கு மேல டீலருக்குப் போன் வரும்.

இதுல டீலரோட சாவி எங்க இருக்குன்னு தேடிப் பாருங்க. எங்கேயும் இல்ல. ஒரு ஜோடி கம்பெனியோடது, இன்னொரு ஜோடி கடையோடது. டீலர் கையில ஒரு சாவியும் தேவையில்லாத மாதிரிதான் டிசைனே பண்ணியிருக்காங்க. அந்த டைரி, டிசைனுக்கு வெளியில நாமளா கட்டின ஒரு கொட்டகை.

ஏபிஐ மாற்றங்கள்னா எப்பவும் பூட்டும் சாவியும் மட்டும் இல்ல. சின்னதா தெரியற விதி மாற்றம்தான் அதிகமா காலை வாரும். 2025-ல வந்த மூணை மட்டும் சொல்றேன். ஜனவரி 1-லேருந்து, 180 நாளுக்கு மேல பழைய பில்லை வச்சு இ-வே பில் எடுக்க முடியாது. ஏப்ரல் 1-லேருந்து, விற்றுமுதல் 10 கோடியோ அதுக்கு மேலயோ இருக்கறவங்க பில் தேதியிலேருந்து 30 நாளுக்குள்ள இ-இன்வாய்ஸ் பதிஞ்சாகணும்; தாமதமா அனுப்பினா போர்டல் ஏத்துக்காது. மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஜூன் 1-லேருந்து இன்வாய்ஸ் எண்ணுல ஆங்கிலச் சின்ன எழுத்து, பெரிய எழுத்து வித்தியாசம் கிடையாது. எல்லாத்தையும் பெரிய எழுத்தா மாத்திட்டுத்தான் பதிவு எண் உருவாக்கும். ஒரு கடையில ரெண்டு கவுண்டர், ஒண்ணு சின்ன 'ஏ'யில எண் போடுது, இன்னொண்ணு பெரிய 'ஏ'யில போடுதுன்னா, நேத்து வரைக்கும் ரெண்டு தனி பில். இன்னைக்கு ரெண்டாவது பில் 'ஏற்கனவே இருக்கு'ன்னு திரும்பி வரும். ஸ்ட்ரிங் கம்பேரிசன்னு முதல் செமஸ்டர்ல படிச்சது, கடையில சண்டையா வந்து நிக்கும்.

இதை ஏப்ரல், ஜூன்னு காத்திருந்து கண்டுபிடிக்க வேண்டாம். சோதனைக்குன்னு தனி சாண்ட்பாக்ஸ் இருக்கு. கம்பெனி புது வெர்ஷன் விட்டதும் டீலர் தன் ஆபீஸ்ல ஒரு சிஸ்டம்ல ஏத்தி, தன் வாடிக்கையாளர்கள் உண்மையில பயன்படுத்தற எண் வரிசைகளைப் போட்டுப் பாக்கணும். கம்பெனிக்கு உங்க ஊர்க் கடையோட எண் வரிசை தெரியாது. தெரிஞ்ச ஒரே ஆள் டீலர்தான்.

இவ்வளவு தொந்தரவு எதுக்கு? சின்னக் கடை, சின்ன ஊர், யார் வந்து திருடப் போறான்னு ஒரு கேள்வி எப்பவும் வரும். அதுக்குப் பதில் ஸ்வீடன்ல இருக்கு. 2021 ஜூலை மாசம் அங்க கூப்-ங்கற மளிகைக் கடைச் சங்கிலி ஏறக்குறைய 800 கடையை மூட வேண்டி வந்தது. பில் போடற மெஷின் வேலை செய்யல. கூப் கம்பெனியை யாரும் நேரா தாக்கல. கம்ப்யூட்டர்களைத் தூரத்துலேருந்து பராமரிக்கறதுக்கு கசேயா-ன்னு ஒரு அமெரிக்க கம்பெனியோட சாப்ட்வேர் இருக்கு. ஐடி சேவை குடுக்கறவங்க, அதாவது நம்ம டீலர் மாதிரி நடுவுல இருக்கறவங்க, அதைப் பயன்படுத்துவாங்க. ஆர்-ஈவில்-ங்கற கும்பல் ஜூலை 2 அன்னிக்கு அதுல இருந்த ஓட்டை வழியா உள்ள போனது. கசேயாவோட நேரடி வாடிக்கையாளர்கள்ல மாட்டினது 60 பேருக்குள்ளதான். ஆனா அவங்க கீழ இருந்த கம்பெனிகள் சுமார் 1,500 வரைக்கும் பாதிக்கப்பட்டது. கூப்புக்கு பில்லிங் வசதி குடுத்த நிறுவனம் அந்தச் சங்கிலியில ஒரு கண்ணி.

அதே வருஷம் அக்டோபர்ல மைக்ரோசாப்ட் இன்னொண்ணைச் சொன்னது. நோபெலியம்னு அவங்க பேர் வச்ச ரஷ்ய ஹேக்கர் குழு, கம்பெனிகளை விட்டுட்டு ரீசெல்லர்களைக் குறி வைக்குது. மே மாசத்துலேருந்து 140-க்கு மேல ரீசெல்லர்களுக்கும் சேவை நிறுவனங்களுக்கும் எச்சரிக்கை அனுப்பியிருக்கோம். 14 வரைக்கும் உள்ள புகுந்திருக்கலாம்னு. காரணம் சிம்பிள். ஒரு வீட்டுப் பூட்டை உடைக்கறதை விட, தெரு முழுக்கச் சாவி வச்சிருக்கறவரோட வீட்டுப் பூட்டை உடைக்கறது லாபம்.

மைக்ரோசாப்டோட பதிலும் என்ஐசியோட பதிலும் ஒரே திசையில போறதைக் கவனிங்க. 2019 ஆகஸ்ட் 1-லேயே தன் கிளவுட் ரீசெல்லர்கள் எல்லாப் பயனருக்கும் பல அடுக்குச் சரிபார்ப்பு வைக்கணும்னு விதி போட்டாங்க. ஏபிஐயில அதை எப்படிச் சோதிக்கறதுன்னா, வர்ற டோக்கனுக்குள்ள 'ஏஎம்ஆர்'னு ஒரு புலம் இருக்கும். அதுல 'எம்எஃப்ஏ'ன்னு இருந்தா, இந்த ஆள் ரெண்டாவது அடுக்கைத் தாண்டி வந்தவர்னு அர்த்தம். வெறும் பாஸ்வேர்டை ஸ்கிரிப்ட்ல எழுதி வச்சு லாகின் பண்ற பழைய ஆட்டோமேஷனுக்கு அது வராது. 2021-க்கு அப்புறம் இன்னும் ஒரு படி போனாங்க. முன்னாடி ரீசெல்லருக்கு வாடிக்கையாளர் சிஸ்டத்துல முழு நிர்வாக அதிகாரம், முடிவு தேதியே இல்லாம. அதுக்குப் பதிலா எந்த வேலைக்கு எந்த அதிகாரம்னு வாடிக்கையாளர் பாத்து ஒப்புக்கிட்டு, அதிகபட்சம் 2 வருஷத்துக்கு மட்டும் குடுக்கற முறை வந்தது. நம்ம ஊர்ல துணைப் பயனர்னு பாத்தோமே, அதே யோசனை. முழு சாவிக்கொத்தை வாங்கிட்டு, ஒரு ரூமுக்கு ஒரு சாவி, அதுவும் தேதி போட்டு.

அப்ப டீலர் எப்படித் தயாராகணும்? என் கருத்து, தேதி வர்றதுக்கு முன்னாடி சாவியைத் திருப்பிக் குடுக்கற வேலையை முடிச்சிடணும். வெர்ஷன் அப்டேட் எல்லாம் அதுக்கு அப்புறம். அப்டேட் ஒரு ராத்திரியில பண்ணிடலாம். ஜிஎஸ்டி பதிவுல மொபைல் நம்பரை மாத்தறது அப்படி இல்ல. பொது போர்டல்ல திருத்தம் போடணும், ஓடிபியால உறுதி பண்ணணும், அது இ-வே பில் போர்டல்லயும் புதுசா வந்திருக்கான்னு பாத்துப் புதுப்பிக்கணும். அதிகாரி ஒப்புதல் தேவைப்படாத திருத்தம்தான், ஆனா பழைய நம்பர் யாருதுன்னு கண்டுபிடிச்சு, ஓனரை உக்கார வச்சுப் பேசறதுக்கே ஒரு வாரம் ஓடிடும்.

ஒரு ஷீட் போடுங்க. ரப்பர் ஷீட் இல்ல, எக்செல் ஷீட். ஒரு கடைக்கு ஒரு வரி. விற்றுமுதல் எந்தப் பிரிவு, அதனால கடைசித் தேதி எது, பதிவான மொபைல் யாருது, எத்தனை பேர் லாகின் பண்றாங்க, துணைப் பயனர் போட்டாச்சா, சாப்ட்வேர் வெர்ஷன் என்ன, இன்வாய்ஸ் எண் எந்த வடிவத்துல. பாஸ்வேர்டுக்கு மட்டும் அதுல கட்டம் வேண்டாம். தேதியிலேருந்து பின்னோக்கி எண்ணி, முதல் வாரம் மொபைல் நம்பர் தப்பா இருக்கற கடைகளை மட்டும் பாருங்க. அவங்களுக்குத்தான் நேரம் அதிகம் வேணும்.

பிறகு பேச்சு. இதுதான் நிஜமாவே கஷ்டமான பகுதி. 'அண்ணாச்சி, இனிமே உங்க பாஸ்வேர்ட் எனக்கு வேண்டாம். நீங்களே மாத்திக்கிடுங்க, நான் பக்கத்துல உக்காந்து சொல்லித் தாறேன், டைப் பண்ணும்போது திரும்பிக்கிடுறேன்'னு சொன்னா, அண்ணாச்சி சந்தோஷப்படுவார்னு நினைக்காதீங்க. 'ஏம் மக்கா, நம்ம மேல எதுவும் கோவமா?'ன்னு கேப்பார். பாஸ்வேர்டைக் குடுக்கறது அவருக்கு நம்பிக்கையோட அடையாளம். திருப்பிக் குடுத்தா உறவை முறிக்கற மாதிரி. அதனால விதியைக் காட்டிப் பேசறதை விட, 'நாளைக்கு உங்க பேர்ல யாராவது கள்ள பில் போட்டா, முதல்ல சந்தேகம் வர்றது என் மேலதான்; என்னைக் காப்பாத்துங்க'ன்னு சொல்லிப் பாருங்க. அது பொய்யும் இல்ல. கடையோட லாகின் கிடைச்சவன் நடக்காத வியாபாரத்துக்கு பில் போடலாம், நோட்டீஸ் கடைக்கு வரும், விசாரணை டைரி வரைக்கும் வரும்.

டீலர் பக்கமும் ஒரு பயம் இருக்கு. சாவி எல்லாம் குடுத்துட்டா கடைக்காரர் வேற டீலர்கிட்ட போயிட மாட்டாரா? ஏஎம்சி எதுக்குன்னு கேக்க மாட்டாரா? போவார், சில பேர். ஆனா பாஸ்வேர்டைப் பிடிச்சு வச்சுக்கிட்டு வாடிக்கையாளரைத் தக்க வைக்கற பிசினஸ் எத்தனை நாள் ஓடும்? எண் வரிசையைச் சோதிச்சுக் குடுக்கறது, புது ஊழியர் வந்தா துணை லாகின் போடச் சொல்லித் தர்றது, தேதிகளை முன்கூட்டி எச்சரிக்கறது, இதுக்கு மனுஷங்க காசு குடுப்பாங்க.

ஒரு எச்சரிக்கை. விதி மாறற மாசம் ஏமாத்தறவங்களுக்கு அறுவடைக் காலம். 'நாளையிலேருந்து ஓடிபி கட்டாயம், உங்க கணக்கை ஆக்டிவேட் பண்றேன், வந்த நம்பரைச் சொல்லுங்க'ன்னு ஒரு குரல் கேட்டா, செய்தியில படிச்சதோட அது ஒத்துப் போகும், கடைக்காரர் நம்பிடுவார். அதனால டீலர் முதல்லயே எல்லா கடைக்கும் ஒரு வரி அனுப்பிடணும்: 'நான் உங்ககிட்ட ஓடிபி கேக்கவே மாட்டேன், என் பேரைச் சொல்லிக் கேட்டாலும் குடுக்காதீங்க, பணம் போயிருந்தா உடனே 1930-க்கு அடிங்க.' இதைச் சொல்ற டீலர் அடுத்த நாள் அவசரத்துல தானே போன் பண்ணி ஓடிபி கேட்டா கதை முடிஞ்சது. தூரத்துலேருந்து சிஸ்டத்துக்குள்ள வர்ற ரிமோட் ஆப்பும் அப்படித்தான். எப்பவும் திறந்தே இருக்கற நிரந்தர பாஸ்வேர்ட் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் கடையில இருக்கறவங்க 'சரி'ன்னு அமுக்கினாதான் உள்ள வரணும்.

டீலரோட சொந்த ஆபீஸும் இதுல சேத்திதான். 2022 ஏப்ரல் 28-ல செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, சைபர் தாக்குதல் தெரிஞ்சதுலேருந்து 6 மணி நேரத்துக்குள்ள தெரிவிக்கணும், லாக் பதிவுகளை 180 நாள் வச்சிருக்கணும். நாலு பேர் வேலை பாக்கற ஆபீஸ்ல லாக்னா என்னன்னு கேட்டா, கதவுப் பூட்டைக் காட்டுவாங்க. குறைஞ்சபட்சம், யார் எந்தக் கடை சிஸ்டத்துக்குள்ள எப்ப போனாங்கன்னு ரிமோட் ஆப் வச்சிருக்கற பதிவை அழிக்காம வச்சா பாதி வேலை முடிஞ்சது. 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பர்ல விதிகள் வந்தாச்சு. முக்கியக் கடமைகள் 18 மாசம் கழிச்சு அமலுக்கு வரும். கடைகளோட பேக்கப்பை 'பாதுகாப்பா இருக்கட்டும்'னு தன் ஹார்டு டிஸ்க்ல வச்சிருக்கற டீலர், அதுல ஊழியர்களோட சம்பளப் பட்டியலும் போன் நம்பரும் இருக்குங்கறதை இப்பவே யோசிக்கணும். அடுத்த தேதி அதுதான். இதுலயும் '250 கோடி வரை அபராதம்'ங்கற வரியைப் பாத்துட்டு 'நமக்கில்லப்பா'ன்னு தள்ளிடாதீங்க.

இதைப் படிக்கற உங்க வீட்டுல கடை இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை ரெண்டு விஷயம் பாருங்க. ஜிஎஸ்டி பதிவுல இருக்கற மொபைல் நம்பர் இப்ப யார் கையில இருக்கு? அப்பா தவிர வேற யார் யார் அந்த லாகினை உபயோகிக்கறாங்க? துணைப் பயனர் போட அரை மணி நேரம் ஆகும். ஷீல்டு ஆப்பை அப்பா போன்ல போட்டா, ரகசியச் சாவி அந்தப் போனுக்குள்ளதான் இருக்குங்கறதை மறக்காம சொல்லிடுங்க. தீபாவளிக்குப் புது போன் வாங்கிட்டு பழசை எக்ஸ்சேஞ்ச்ல குடுக்கறதுக்கு முன்னாடி, புதுசுல ஆப்பைத் திரும்பப் பதிஞ்சாகணும்.